வராதவர்களின் தோரணம்

எல்லா வீட்டுப் பரணிலும் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று இருக்கும், பிள்ளையார் படம் போட்டதைக் குப்பையில் போட மனசு வராமலும் வைத்துக்கொள்ளக் காரணம் தெரியாமலும் வருஷக்கணக்கில் அடுக்கப்பட்டு, ஜிகினா உதிர்ந்து, மஞ்சள் தடவிய மூலைகள் கறுத்து. கோவில்பட்டியில் செண்பகா குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த தங்கபுஷ்பத்தின் வீட்டுப் பரணில் அப்படி அறுபத்து மூன்று பத்திரிகைகள் இருந்தன. சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் அவள் அவற்றைக் கீழே இறக்கித் துடைத்து, பிள்ளையார்களை மட்டும் பத்திரமாகக் கத்தரித்து ஓர் உறையில் போட்டுவிட்டு, மிச்சத்தை மாவிலை மாவிலையாக வெட்டத் தொடங்கினாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது, கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாதவள். முட்டை அட்டையில் சாமந்திப்பூ, ஐஸ் குச்சியில் சாவி மாட்டி, உடைந்த வளையலில் ஜன்னல் திரை, மருந்து பாட்டிலில் பூச்சாடி என்று வீட்டில் எறிய வேண்டியது எதுவும் எறியப்படாமல் சுவரில் ஏறியிருந்தது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் அருணகிரி அந்த அலங்காரங்களுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்து பழகி, வெளியிலும் கொஞ்சம் குனிந்தே நடந்தார். இந்தத் தடவை அவள் செய்ய நினைத்தது பெரிய வேலையில்லை. வாசல் நிலையில் கரையான் அரித்த இடத்தை மறைக்க ஒரு தோரணம், அவ்வளவுதான். பத்திரிகை இலைகளை உல்லன் நூலில் கோத்து, நடுநடுவே மணி வைத்து, சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறிக் கட்டினாள். இறங்கி நின்று பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால்.

மறுநாள் காலை ஏழரைக்கு, அவள் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாளும் ஜரிகைத் துண்டு போட்ட ஒரு பெரியவரும் பரிசுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"கல்யாண வீடு இதானம்மா?" என்றார் பெரியவர். "எட்டையாபுரம் பஸ்ஸ விட்டுட்டோம். தாலி கட்டியாச்சோ?"

"இங்க கல்யாணம் ஒண்ணும் இல்லீங்களே," என்றாள் தங்கபுஷ்பம்.

"தாலி கட்டியாச்சுன்னா பரவால்ல. சாப்பிட்டுட்டுக் கெளம்புதோம்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் செருப்பைக் கழற்ற, அம்மாள் தோரணத்துக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் படியில் இன்னும் ஏழு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்களைப் போகச் சொல்ல அருணகிரிக்கு வராது. அவர் பாயை விரித்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, எந்த ஊர், எந்த வழி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். தங்கபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாளைக்கு என்று அரைத்த மாவு மொத்தத்தையும் ஊற்றி முடித்தாள். ஒன்பது பேரும் சாப்பிட்டுவிட்டு, பொட்டலங்களை மூலையில் வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கு கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பம் வரை செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடிக்கு யாரும் வந்து சேரவில்லை. முதல் மாடியில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராஜபாண்டி அதைப் பார்த்து, வழியை மறித்து நிற்கிறோமோ என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பத்திரிகை, தோரணத்தின் இடது ஓரத்திலிருந்து வரிசையாக. ஒரு நாள் மூன்று பேர், ஒரு நாள் நாற்பது பேர். ஒவ்வொருவரும் தாமதத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பஸ் கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், கட்டிக்கொள்ள நல்ல சேலை இல்லை, சம்பந்தி வீட்டில் வாய்த்தகராறு, மறந்தே போய்விட்டது, நினைவிருந்தும் எழுந்திருக்க மனசில்லை, பருத்திக்கு மருந்தடிக்கிற நாள், பஞ்சாயத்துக்குப் போகிற நாள். ஒருவர், நீங்கள் வந்து கூப்பிட்டபோது நான் ஊரில்தான் இருந்தேன், இல்லை என்று சொல்லச் சொன்னேன் என்று நேராகவே சொன்னார். அவரவர் பந்தி முடிந்ததும் தோரணத்தில் அந்த இலையின் எழுத்துகள் எல்லாம் போய், வெறும் வெள்ளைத் தாளாகத் தொங்கியது.

இன்னார்தான் வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது இரண்டாவது மாடி மெர்சி டீச்சர். ஐந்தாம் நாள் நாற்காலி கொடுக்க மேலே வந்தவர், பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கீழே வைத்தார். அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தனிஸ்லாஸ் சார்.

"நல்லாயிருக்கீங்களா சார்?" என்றார் டீச்சர்.

"இருக்கேன் டீச்சர். இந்தக் கல்யாணத்துக்கு வரமுடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்ல."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே."

"இப்ப இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் இலையை வழித்தார்.

டீச்சர் சமையலறைக்கு வந்து, தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "புஷ்பம், கூப்பிட்டும் வராம இருந்தவங்கதான் வராங்க. அன்னிக்கு இருந்தபடியே வராங்க."

"இன்னிக்கு வந்து என்னத்துக்கு டீச்சர்? அவங்கவங்க கல்யாணம் முடிஞ்சு பிள்ளைகளும் காலேஜ் போயாச்சு. நான் நிலையை மறைக்கத்தான் கட்டினேன்."

"அவிழ்த்துடேன்."

அவிழ்த்தும் பார்த்தாள். மறுநாள் வந்த பதினெட்டுப் பேரும், தோரணம்கூடக் கட்டாமல் இது என்ன கல்யாண வீடு என்று ஆளுக்கு ஒரு குறை சொல்லிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி, வாசல் நிலையில் கரையான் இருக்கிறது பாருங்கள் என்று சுட்டிக்காட்டினாள். அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் தோரணத்தைத் திரும்பக் கட்டினாள்.

குடியிருப்பு இதைப் பழகிக்கொள்ளப் பத்து நாள் ஆகவில்லை. ராஜபாண்டி சங்கத்தைக் கூட்டினார். தண்ணீர்த் தொட்டி, செருப்பு, சத்தம் என்று மூன்று விஷயம் பேசப்பட்டது. செத்தவர்கள் வருவதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, செத்தவர்கள் செருப்பை எங்கே விடுவது என்பதைப் பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மாடிக்கு ஒரு நாள் சமையல் என்று முடிவானது. கீழே கரும்பலகையில் அன்றைக்கு எந்த வீட்டுப் பத்திரிகை, எத்தனை மணி முகூர்த்தம், சாம்பாரா புளிக்குழம்பா என்று எழுதி வைத்தார்கள். காய்கறிக்காரர் வண்டியை எட்டு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பரிசுப் பொட்டலங்களைப் பிரித்தால் எல்லாவற்றிலும் சுவர்க்கடிகாரமே இருந்தது. வீட்டுக்கு வீடு இரண்டிரண்டு கொடுத்தும் தீராமல், தங்கபுஷ்பத்தின் கட்டிலுக்கு அடியில் இருபத்தாறு கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடின. அவளுக்கு அதில் ஒன்றைப் பிரித்து ஒரு பூச்சாடி செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை. கத்தரிக்கோலைத் தொட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை ராஜபாண்டியே வந்தார். கீழே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அறுபது வயது ராஜபாண்டியைத் தாண்டி, முறுக்கிய மீசையும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக முப்பத்தைந்து வயது ராஜபாண்டி விறுவிறுவென்று படியேறி, வாசலில் நின்று, உள்ளே வராமல் கேட்டார்: "பத்திரிகையில என் பேரை எங்க போட்டிருக்கீங்க?"

"அதை வெட்டிட்டேன்," என்றாள் தங்கபுஷ்பம், கையில் சாம்பார் வாளியோடு.

"வெட்டிட்டீங்களா? மச்சினன் பேரு கொட்டை எழுத்துல, என் பேரு கடைசி வரியில. பெரியவன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்த கிழ ராஜபாண்டி, தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கல்யாணத்துக்குப் போகாததில் தொடங்கி மச்சினன் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும், மச்சினன் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும். "யோவ், உக்காந்து சாப்பிடுய்யா," என்றார் எரிச்சலோடு. "பேரு கெடக்குது." இளையவர் முறைத்துவிட்டு உட்கார்ந்தார். மூத்தவர் பக்கத்திலேயே நின்று, அவர் எழுந்திருக்கும்வரை இலையில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்.

இந்தச் செய்தி ஊருக்குள் போனதும் தங்கபுஷ்பத்தின் நிம்மதியில் மிச்சமிருந்ததும் போயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும், கடலைமிட்டாய்க் கடைக்காரர்களும், பள்ளிக்கூட வாத்தியார்களும் தங்கள் வீட்டுப் பரண்களை இறக்கிக்கொண்டு வந்து படியில் வரிசையாக நின்றார்கள். என் கல்யாணத்துக்கு எங்க பெரியப்பா வரல, இதையும் கோத்துடுங்க. எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்தாரு, லீவு கிடைக்கல, இதையும். என் சிநேகிதி ஒருத்தி, அவ ஏன் வரலைன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது, ஒரே ஒரு தடவை கேட்டுக்கிடுதேன், இதையும். கோத்துக் கொடுத்தால் நூல் கோணலாக இருக்கிறது என்றார்கள். சிவப்பு மணி வைத்தால் பச்சை மணி கேட்டார்கள். தோரணம் வாசலைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரில் இறங்கி, இரண்டாவது மாடி, முதல் மாடி என்று படிக்கட்டு நெடுகிலும் நீண்டது. எவ்வளவு அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஆசைப்பட்ட வார்த்தைதான் அது. இப்போது கேட்டால் எரிச்சலாக வந்தது.

"எனக்கென்னமோ இவங்க எல்லாரும் வராமலே இருந்திருக்கலாம்னு தோணுது டீச்சர்," என்றாள் ஒரு மத்தியானம், ஐம்பத்திரண்டு பேர் சாப்பிட்டுப் போன தரையைத் துடைத்துக்கொண்டே.

"எல்லாருடையதும் கோத்தாச்சு. உன் பத்திரிகை எங்க?" என்று கேட்டார் மெர்சி டீச்சர்.

தங்கபுஷ்பம் துடைப்பதை நிறுத்தவில்லை. "அடிக்கல."

அடிக்கவில்லைதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வேறு சாதிக்காரரான அருணகிரியை அவள் பதிவு அலுவலகத்தில் இரண்டு மெக்கானிக்குகளைச் சாட்சியாக வைத்துக் கட்டிக்கொண்டபோது கூப்பிட யாரும் இல்லை. அதாவது ஒருத்தி இருந்தாள். விளாத்திகுளத்தில் அக்கா செல்லக்கனி, அம்மா செத்த பிறகு பதினோரு வயது மூத்தவளாக இருந்து இவளுக்குத் தலைபின்னிவிட்டு, சோறு போட்டு, படிக்கவைத்தவள். விஷயம் தெரிந்ததும் அவள் சொல்லியனுப்பிய ஒரே வாக்கியம், இனி இந்த வாசலை மிதிக்காதே என்பது. தங்கபுஷ்பம் மிதிக்கவில்லை. அக்கா உயிரோடுதான் இருக்கிறாள், அரிசி ஆலைக்குப் பின்னால் தனியாக, என்று வருகிறவர்கள் போகிறவர்கள் சொல்லித் தெரியும்.

அன்று மாலை அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். சோப்புப் பெட்டியின் அட்டையை இலை மாதிரி வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, ஓரத்துக்கு ஜிகினா வைத்து, சேர்த்து வைத்திருந்த பிள்ளையார்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து மேலே ஒட்டி, தன் பெயரையும் அருணகிரியின் பெயரையும் பழைய தேதியையும் எழுதினாள். கீழே, செல்லக்கனி அக்கா அவசியம் வரவும் என்று எழுதிக் காயவைத்து, தோரணத்தில் ஊர்க்காரர்களின் இலைகளுக்கு முன்னால் கோத்தாள். அருணகிரி அதை வாசித்துப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தார், அதுதான் வரிசைப்படி அந்த இலையின் நாள்.

வெள்ளிக்கிழமை வடையும் பாயசமும் அவியலும் செய்தாள். ஒன்பது மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. குடியிருப்பே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. படியில் பூனைகூட ஏறவில்லை. பாயசம் ஆடைகட்டியது. இத்தனை நாளாக ஊர் உலகத்துக்கெல்லாம் பந்தி போட்டவள், தன் வீட்டுப் பந்திக்கு ஆளில்லாமல் இலையைச் சுருட்டினாள். "எனக்குன்னா மட்டும் இது வேலை செய்யாது," என்று தோரணத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மெர்சி டீச்சர் தோரணத்திலிருந்த அந்த அட்டை இலையைத் திருப்பிப் பார்த்தார். "எழுத்து அப்படியே இருக்கு, போகல. மத்ததெல்லாம் வீடு தேடிப்போய்க் கையில கொடுத்த பத்திரிகை. இதை நீ கொடுக்கவே இல்லையே."

"கொடுத்தா வாங்குவாளா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பஸ்ஸுக்குப் போ."

திங்கட்கிழமை காலை, அன்றைய நாற்பது பேரைக் குடியிருப்பின் தலையில் கட்டிவிட்டு, தங்கபுஷ்பம் அட்டை இலையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, ஒன்றும் சரிப்படாமல், எதிர்சீட்டுக்காரியின் கூடையைக்கூட வெறுத்தாள். அரிசி ஆலைக்குப் பின்னால் செல்லக்கனி முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரி, "யாரு?" என்றாள்.

"நான்தான். பத்திரிகை வைக்க வந்திருக்கேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கு."

செல்லக்கனி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "பசை நாத்தம் அடிக்குது," என்றாள். பிறகு ஜிகினாவை விரலால் தடவினாள். "ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பால்காரன் வந்து சொல்லுதான், ஒன் தங்கச்சிக்குக் கல்யாணமாமேன்னு. எனக்கு ஒரு பத்திரிகை கெடையாது."

"கொடுத்திருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன். அது வேற. வராம இருக்கிறதுக்கும் ஒரு பத்திரிகை வேணும்லா."

தங்கபுஷ்பத்துக்கு இருபத்தைந்து வருஷத்துக் கோபமும் மூன்று மாதத்துக் களைப்பும் சேர்ந்து வந்தது. "சரி, வராத. நீ வரவே வேண்டாம். கையில கொடுத்துட்டேன், நீ வரலன்னா போதும், நாளைக்குக் காலையில நீயே வந்துருவ. அப்ப இருந்த நீ. எங்க வீட்டுல இப்ப அப்படித்தான் நடக்குது," என்று தோரணத்தைக் கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

செல்லக்கனி முழுக்கக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. "முப்பத்துமூணு வயசுல வருவேனா?"

"ஆமா."

"முட்டு வலி இருக்காது அவளுக்கு."

"இருக்காது."

"மூணு மாடியையும் ஓடி ஏறிருவா." செல்லக்கனி தன் முழங்காலைப் பார்த்தாள். "என்ன வச்சிருக்க?"

"வடை, பாயசம், அவியல். வெள்ளிக்கிழமையே வச்சேன், ஒனக்காக. கெட்டுப்போச்சு. நாளைக்குத் திரும்ப வைக்கணும்."

"ஒன் மேல அம்புட்டு ஆங்காரமா இருந்தவ அவ. பால்காரனையே ஏசி அனுப்பிச்சவ. அவ வந்து நோகாம உக்காந்து வடையும் பாயசமும் திம்பா. இத்தன வருஷம் ஒத்தையில கெடந்தவ நான், இங்க பழைய சோத்தத் தின்னுக்கிட்டு இருக்கணுமாக்கும்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இரு. சேலை மாத்திட்டு வாரேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டாள், பிறகு காற்று அடிக்கிறது என்றாள். டிரைவர் மெதுவாக ஓட்டுகிறார் என்றாள், பிறகு தூக்கிப் போடுகிறது என்றாள். செண்பகா குடியிருப்பில் மூன்று மாடியையும் ஏற முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு எழுந்தாள். மேலே வாசலில் அருணகிரி நின்றிருந்தார். அவரை இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தவள், "ஏன் இப்படிக் குனிஞ்சு நிக்கான்?" என்று தங்கையிடம் கேட்டாள்.

வடையும் பாயசமும் இல்லை. காலையில் நாற்பது பேருக்கு வைத்ததில் மிஞ்சிய சோறும் ரசமும் ஒரு துவையலும் இருந்தன. மெர்சி டீச்சர் அப்பளம் பொரித்துக்கொண்டு ஓடிவந்தார். செல்லக்கனி ரசத்தில் உப்பு இல்லை என்றாள். உப்புப் போட்டதும் கூடிவிட்டது என்றாள். இரண்டு தடவை சோறு வாங்கினாள். அவள் கைகழுவிய நேரத்தில், சாப்பிட உட்காரும்போது தங்கபுஷ்பத்தின் மடியில் போட்டுவைத்திருந்த சோப்பு அட்டை இலையிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. தேதி போயிற்று, இரண்டு பெயர்களும் போயின, அவசியம் வரவும் என்பது கடைசியாகப் போயிற்று.

தங்கபுஷ்பம் வழக்கப்படி வெற்றிலை பாக்கை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். சாப்பிட்ட யாரும் இந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு நிமிஷம் தங்கியதில்லை.

செல்லக்கனி தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். "ஒரு தலகாணி குடு. ஏறினவ ஒடனே எறங்க முடியாது."

"எப்ப ஊருக்குப் போகணும் ஒனக்கு?"

"கால் நேரானதும் பாப்போம். சாயங்காலத்துக்கு என்ன?"

"மூணு மாசமா பொங்கிப் பொங்கிக் கை விட்டுப்போச்சுக்கா. தோசைதான்."

"தோசை போதும். தேங்காய்ச் சட்னி எனக்கு ஒத்துக்கிடாது," என்று செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "தக்காளி வச்சு அரை."

வீட்டில் தக்காளி இல்லை. தங்கபுஷ்பம் முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.